பிரெஞ்சு காமிக்ஸ் படங்களை நம் ஊரில் திரையிட

கேரளத்தில், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். வாசகசாலையில் படம் போட்டால் பலருக்குத் தமிழ் எழுத்தை வேகமாகப் படிக்க வராது. அதனால் வசனத்தை ஒருவர் மைக்கில் தமிழில் சொல்வதுதான் சரி.

முதலில் ‘லே வியூ ஃபூர்னோ’ (2018) போடுங்கள். லூபானோவும் கோவேயும் உருவாக்கிய காமிக்ஸிலிருந்து எடுத்த படம் அது. மனைவி இறந்தபின் அவளுடைய பழைய உறவு தெரியவர, அந்த ஆளைக் கொல்ல ஒரு கிழவர் இத்தாலிக்குக் கிளம்புகிறார். இரண்டு நண்பர்களும் கர்ப்பிணிப் பேத்தியும் பின்னாலேயே துரத்துகிறார்கள். அந்துவான், பியெரோ, மிமில் என்று பெயர்களை மட்டும் முன்பே சொல்லிவையுங்கள், கதையைச் சொல்லிவிடாதீர்கள். சிரிப்பு அடங்கும்வரை மைக்கில் சொல்பவர் பொறுக்க வேண்டும்.

அடுத்து ‘பெர்செபோலிஸ்’ (2007). மர்ஜான் சத்ராபி தன் டெஹ்ரான் பிள்ளைப்பருவத்தைக் காமிக்ஸாக வரைந்து, பிறகு வின்சென்ட் பரோனோவுடன் சேர்ந்து படமாக்கினார். கேன்ஸில் ஜூரி பரிசு பெற்றது. பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. ஜன்னலுக்குக் கனத்த போர்வை கட்டி நல்ல இருட்டு பண்ணுங்கள். பாட்டியின் மார்பிலிருந்து மல்லிகை உதிரும் இடத்தில் மைக்கை அணைத்துவிடுங்கள். எங்கள் அம்மாயிகளுக்கு அங்கே யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

தவெர்னியே இயக்கிய ‘கே தோர்சே’ (2013) வெளியுறவு அமைச்சகத்துக் கதை, அருமையான படம். பேச்சு ஓயாமல் பாயும், அதற்கு மைக்கில் இரண்டு பேர் வேண்டும்.