தலைகீழாகப் பிடித்த கேமரா

பக்கவாதத்தில் வலது கை போனதும் கேமராவை அலமாரியில் வைத்துவிட்டேன். ஷட்டர் பட்டன் வலப்பக்கம்தானே இருக்கிறது! கேபிள் ரிமோட் வாங்கிப் பார்த்தேன். ஒயரைச் சமாளிக்க இன்னொரு கை வேண்டியிருந்தது. ஒருநாள் கடுப்பில் கேமராவைத் தலைகீழாகத் திருப்பினேன். பட்டன் இடது கட்டைவிரலுக்கே வந்துவிட்டது!

அப்புறம் எடை. பழைய பேன்ட் காலை வெட்டிப் பையாகத் தைக்கச் சொல்லி, ஒரு கிலோ அரிசி நிரப்பி (மனைவி முறைத்தாள்), ஜன்னல் திண்டில் வைத்து லென்ஸை அதன்மேல் சாய்த்தேன். கை நடுக்கத்தில் படம் கலங்காமலிருக்க, 200 மி.மீ. லென்ஸுக்கு ஷட்டர் 1/200 நொடி மட்டும் திறந்தால் போதும் என்பார்கள். என் நடுக்கத்துக்கு 1/800 தேவைப்பட்டது. அவ்வளவு குறைந்த நேரத்தில் வெளிச்சம் குறைவாகத்தானே விழும்; அதற்காக ஐஎஸ்ஓவை (ஒளி உணரும் அளவு) 1600க்கு ஏற்றினேன். படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டுகிறது, பரவாயில்லை.

முருங்கைப்பூவில் தேன்சிட்டு. கணினியில் 180 டிகிரி திருப்பியதும் அலகு நுனிவரை தெளிவு.