பாடசாலைச் சோலையில் பாடம்: ஆசிரியர்களை ஒன்றுசேர்க்கும் வழி

யாழ்ப்பாணத்தில் மரம் நட ஆள் தேடவேண்டியதில்லை. கார்த்திகை பிறந்தால் பாடசாலை தோறும் மரநடுகை. கன்று வரும், விருந்தினர் வருவார், படம் எடுப்பார்கள். குறை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வளர்ந்த மரத்தின் கீழ் வகுப்பைக் கொண்டுபோய்ப் பாடம் நடத்துகிற ஆசிரியர் பாடசாலைக்கு ஒருவர் இருந்தால் பெரிய காரியம். அவருக்கு இடமாற்றம் வந்ததும் சோலை பற்றையாகிவிடும். அடுத்த வருடம் அதன் மூலையில் குப்பை எரிப்பார்கள். ஒரு சோலைக்கு ஒரு ஆசிரியர் என்ற நிலையை மாற்றி, அயற் பாடசாலைகள் சில சேர்ந்து ஒரு ஆசிரியர் வட்டத்தை அமைப்பதற்கான வழி கீழே இருக்கிறது.

பெரிய காணி தேவையில்லை. இரண்டு பரப்பு, அதாவது ஏறக்குறைய 500 சதுர மீற்றர் நிலத்தில் பத்துப் பன்னிரண்டு மரமும் கொஞ்சம் பற்றையும் இருந்தால் ஒரு வகுப்புக்குத் தாராளம். வேம்பு, பூவரசு, நாவல், இலுப்பை, கொன்றை என்று கலந்து நின்றால் நல்லது. நெருக்கி நடுகிற மியாவாக்கி முறை இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. சதுர மீற்றருக்கு மூன்று கன்றுக்கு மேல் நட்ட இடத்துக்குள் பிள்ளைகள் நுழையவே முடியாது. பாடம் நடத்துவதற்கென்றால் நடுவில் 6 மீற்றர் அகல வெளி ஒன்றை விட்டே நடவேண்டும்.

யாரைச் சேர்ப்பது

ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில், 3 அல்லது 4 கிலோமீற்றருக்குள், நான்கு அல்லது ஐந்து பாடசாலைகளைத் தெரிவுசெய்யுங்கள். கல்வி வலயம் முழுவதையும் கூப்பிட்டால் கூட்டம் பெரிதாக இருக்கும். இரண்டாம் முறை அரைவாசிப் பேர் வரமாட்டார்கள். ஒவ்வொரு பாடசாலையிலிருந்தும் மூவர் வேண்டும்: ஆரம்பப் பிரிவு ஆசிரியர் ஒருவர், விஞ்ஞானம் அல்லது விவசாயம் கற்பிப்பவர் ஒருவர், இவற்றோடு சம்பந்தமே இல்லாத பாடத்தவர் ஒருவர். மூவர் இருந்தால் ஒருவர் மாற்றலாகிப் போனாலும் இருவர் மிஞ்சுவர். மூன்றாமவர் தமிழ், கணிதம், சித்திரம், வரலாறு எதுவானாலும் சரி. விஞ்ஞான ஆசிரியர்கள் மட்டும் கூடினால் சோலை விஞ்ஞான ஆய்வுகூடத்தின் வெளிப்பக்கமாகச் சுருங்கிவிடும்.

இவர்களோடு ஆசிரிய ஆலோசகர் ஒருவர், ஊரில் மரம் செடி தெரிந்த இருவர் சேரட்டும். தோட்டம் செய்கிற பெரியவர், சித்த வைத்தியர், பனையோலை வேலை செய்கிற அம்மா என்று யாராவது இருப்பார்கள். அவர்களைப் பேச்சாளராக மேடையில் ஏற்றவேண்டாம். சோலைக்குள் ஆசிரியர்களோடு நடக்கவிட்டு, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லவிடுங்கள்; அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது வெளியே வரும்.

அனுமதியும் நாளும்

வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அதிபர் ஊடாகக் கடிதம் அனுப்புங்கள். கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே அது போகவேண்டும். கடிதத்தில் மூன்று விடயம் தெளிவாக இருக்கட்டும்: பங்குபற்றும் ஆசிரியர்களின் பெயர்ப்பட்டியல், அவர்களுக்குக் கடமை லீவு தேவை என்ற வேண்டுகோள், எந்தத் தரத்தின் எந்தப் பாட அலகுகள் வெளியே நடத்தப்படும் என்ற குறிப்பு. மூன்றாவதை விட்டுவிட்டால் பணிமனை இதைச் சுற்றுலாவாகவே பார்க்கும். கடமை லீவு எழுத்தில் கிடைக்காவிட்டால் ஆசிரியர் தன் சொந்த லீவில் வரவேண்டியிருக்கும். ஒரு தடவை அப்படி வருவார், மறுதடவை வரமாட்டார். பாடசாலை விட்ட பிறகு பின்னேரம் வைக்கலாமே என்று தோன்றும். வீட்டுவேலை, பஸ், தனியார் வகுப்பு எல்லாம் அந்த நேரத்தில்தான் இருப்பதால் அது சரிவராது.

முதற்கூட்டத்துக்குத் தை, மாசி மாதங்கள் சிறந்தவை. மாரி ஓய்ந்து நிலம் ஈரமாக இருக்கும், வெயில் ஏறியிராது, பற்றைக்குள் பூச்சியும் புழுவும் நிறைய இருக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை நாளைக் கெடுக்கும். வைகாசிக்குப் பிறகு சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் காலை 9.30க்குமேல் வெளியே நிற்பதே சிரமம்.

முதல் நாள் எப்படிப் போகவேண்டும்

மண்டபத்தில் தொடங்காதீர்கள். மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை என்று போனால் 10 மணியாகிவிடும். சோலைக்குள் இறங்கும்போது வெயிலும் வந்துவிடும். 8.00 மணிக்கு நேராக மரத்தடியில் கூடுங்கள். ஆசிரியர்களை நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள், ஒரே பாடசாலையார் ஒரே குழுவில் சேராமல். முதல் 80 நிமிடமும், அதாவது இரட்டைப் பாடவேளை அளவுக்கு, அவர்களே மாணவராக இருக்கட்டும். அந்த நேரத்துக்கு இரண்டு செயற்பாடு போதும்.

முதலாவது, மர உயரம். 45 பாகை மூலைமட்டத்தைக் கண்ணருகே பிடித்து, அதன் சாய்விளிம்பு வழியாக மரத்தின் உச்சி தெரியும்வரை பின்னால் நகரவேண்டும். மரத்திலிருந்து நிற்கிற தூரத்தோடு கண்ணின் உயரத்தைக் கூட்டினால் மர உயரம் வரும். பனைக்கு இது மிகச் சரியாக வரும். ஆல், புளி போன்ற படர்ந்த மரத்தில் பிழைக்கும், ஏனென்றால் கண்ணுக்கு உச்சியாகத் தெரிவது நம் பக்கம் நீண்ட கொப்பு. உயர்ந்த பனைக்கு 20 மீற்றருக்குமேல் பின்னால் போகவேண்டிவரும்; முற்றம் சிறிதானால் 1 மீற்றர் தடியின் நிழலையும் பனையின் நிழலையும் அளந்து விகிதம் போடுங்கள். சுற்றளவை எப்போதும் நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் அளக்கவேண்டும். ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு உயரத்தில் அளந்தால் அடுத்த வருடம் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

இரண்டாவது செயற்பாடு, மண் தண்ணீர் குடிக்கிற வேகம். யாழ்ப்பாணப் பிள்ளைக்கு இதைவிட முக்கியமான வெளிக்களப் பாடம் இல்லை என்பேன். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. குடிக்கிற தண்ணீரும் தோட்டத்துக்கு இறைக்கிற தண்ணீரும் பெரும்பாலும் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைதான். அதே வழியால்தான் உரத்தின் நைத்திரேற்றும் மலசலகூடக் குழியின் கழிவும் கிணற்றுக்குப் போகின்றன.

10 செ.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாயை 15 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒரு முனையை அரத்தால் கூராக்குங்கள். வெளியே 5 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு. குழாயின் மேல் பலகைத்துண்டை வைத்து அந்தக் கோடு வரை நேராக அடித்து இறக்குங்கள். உள்ளே ஒரு பூவரசிலையை வைத்து அதன்மேல் 400 மில்லிலீற்றர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். இலை இல்லாவிட்டால் தண்ணீர் மண்ணைக் கிண்டிவிடும். 400 மில்லிலீற்றர் என்பது குழாய்க்குள் சுமார் 5 செ.மீ. நீர். முழுவதும் இறங்க எடுக்கிற நேரத்தைக் குறித்து, உடனே இரண்டாம் முறையும் ஊற்றுங்கள். காய்ந்த மண் முதல் தண்ணீரை அவசரமாக இழுக்கும் என்பதால் இரண்டாவது நேரத்தையே கணக்கில் எடுக்கவேண்டும். மூன்று இடத்தில் செய்யுங்கள்: மரத்தடிச் சருகுக்குக் கீழ், பிள்ளைகள் மிதித்து நடக்கிற பாதை, மைதான ஓரம். சருகுக்குக் கீழே மளமளவென்று இறங்குகிற தண்ணீர் மிதிபட்ட பாதையில் அப்படியே நிற்பதைப் பார்த்த பிள்ளைக்கு, சருகை ஏன் கூட்டி எரிக்கக்கூடாது என்று பிறகு விளக்கத் தேவையில்லை.

பிழைக்கிற இடங்களும் உண்டு. குழாய் சரிந்து இறங்கினால் பக்கத்தால் தண்ணீர் கசியும். பிடுங்கி வேறிடத்தில் அடிக்கவேண்டும். தெல்லிப்பழை, கீரிமலைப் பக்கம் மண் ஆழம் குறைவு, இரண்டு தடவை அடித்ததுமே குழாய் கல்லில் முட்டும். முதலில் மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். வடமராட்சி கிழக்கின் மணலில் எல்லா இடமும் உடனே உறிஞ்சிவிடும், வித்தியாசம் தெரியாது. அங்கே நிழலிலும் வெட்டையிலும் மண் வெப்பநிலையை ஒப்பிடுவது பயன்தரும்.

பாட அட்டை

தேநீருக்குப் பிறகு ஒவ்வொரு ஆசிரியரும் தன் பாடத்துக்கு ஒரு அட்டை எழுதவேண்டும். அரைத்தாளுக்கு மேல் போகக்கூடாது. பாடம், தரம், ஆசிரியர் வழிகாட்டியில் உள்ள தேர்ச்சி, தேவையான பொருள், நிமிடக் கணக்கு, பிள்ளைகளிடம் கேட்கப்போகிற ஒரே ஒரு கேள்வி. தேர்ச்சி எண்ணை எழுதாத அட்டையை ஏற்காதீர்கள். “பாடத்திட்டம் முடிக்கவேணும் ரீச்சர், வெளியிலை போக நேரமில்லை” என்ற பேச்சு எல்லாப் பாடசாலையிலும் வரும். அந்த 80 நிமிடமே பாடத்திட்டத்தின் ஒரு பகுதி என்று அட்டை காட்டவேண்டும். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கும் அதே அட்டையைப் பயன்படுத்தலாம்.

தமிழ், வரலாறு ஆசிரியர்கள் எதை எழுதுவது என்று தயங்குவார்கள். ஊர்ப்பெயர்களைக் கொடுங்கள்: புங்கன்குளம், நாவற்குழி, புளியங்கூடல், வேம்படி, கொய்யாத்தோட்டம். பெயரில் நிற்கிற மரம் ஊரில் இன்னும் நிற்கிறதா, கடைசியாக எங்கே நின்றது என்று பிள்ளைகள் தாங்கள் காணாத காலத்தை அம்மம்மாவிடமும் அயலாரிடமும் கேட்டு எழுதலாம். ஆரம்பப் பிரிவுக்கு 2 மீற்றர் கயிற்று வளையம் ஒன்று போதும். வளையத்துக்குள் எத்தனை வகை இலை, எத்தனை உயிர் என்று எண்ணுவதே 40 நிமிடத்துக்குப் போதும்.

மூன்று வாரத்துக்குள் ஒவ்வொருவரும் தன் அட்டையை உண்மையான வகுப்போடு ஒருமுறை நடத்தவேண்டும். அயற் பாடசாலை ஆசிரியர் ஒருவர் வந்து பார்க்கவேண்டும். பார்ப்பவர் குறை எழுதவேண்டாம். எந்த நிமிடத்தில் பிள்ளைகள் சும்மா நின்றார்கள் என்பதை மட்டும் குறிக்கட்டும். பெரும்பாலும் அது தொடக்கத்தில், ஆசிரியர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் நடக்கும். ஆகவே விளக்கத்தை வகுப்பறையிலேயே முடித்துவிட்டு வெளியே வாருங்கள். மூன்று வாரத்தைத் தாண்டவிட்டால் அட்டை கோவைக்குள் போய்விடும், பிறகு வெளியே வராது.

நேரசூசியில் காலை முதலிரண்டு பாடவேளையை, 7.50 முதல் 9.10 வரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒதுக்கித்தர அதிபரிடம் கேளுங்கள். 36 பிள்ளைகளுக்கு ஆறு குழு, இரண்டு பெரியவர்கள். தனி ஆசிரியராக 36 பேரைக் கொண்டுபோகவேண்டாம்.

பெட்டி

பாடசாலைக்கு ஒரு பெட்டி. ஆறு குழுவுக்கும் தையல் நாடா, கைவில்லை, மூலைமட்டம், 2 மீற்றர் கயிறு தலா ஒன்று, குழாய்த்துண்டு மூன்று, வெப்பமானி இரண்டு, இருப்பதற்குக் கழுவிய உரப்பை 18, முதலுதவிப் பெட்டி. சாவி இருவரிடம் இருக்கவேண்டும். அதிபரின் அலுமாரிக்குள் பூட்டி வைத்த பொருள் அதிபர் கூட்டத்துக்குப் போகிற நாளெல்லாம் இல்லாத பொருள்தான்.

ஆபத்துகள்

முன்பு உயர்பாதுகாப்பு வலயமாகவோ போர்முனையாகவோ இருந்த காணியானால், கண்ணிவெடி அகற்றப்பட்டதை கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் உறுதிசெய்யும்வரை அலவாங்கைத் தொடாதீர்கள். எந்தச் சோலையிலும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லவேண்டியது: தெரியாத உலோகப் பொருளைத் தொடாதே, எறியாதே, வந்த வழியே திரும்பி ஆசிரியரிடம் சொல். ஆசிரியர் எல்லோரையும் விலக்கிவிட்டுப் பொலிஸுக்கு அறிவிக்கவேண்டும்.

வகுப்புக்கு அரைமணி நேரம் முன்பு ஒருவர் தடியால் தட்டிக்கொண்டு சோலையைச் சுற்றிவரவேண்டும். கண்ணாடிப் புடையனும் சுருட்டையும் சருகுக்குள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. மூடிய சப்பாத்து கட்டாயம். கல்லையும் மட்டையையும் கையால் புரட்டக்கூடாது. கடித்தால் கீறவும் இறுக்கிக் கட்டவும் வேண்டாம், காலை அசைக்காமல் வைத்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள். சோளகம் வீசுகிற மாதங்களில் பனைக்குக் கீழே பிள்ளைகளை இருத்தவே கூடாது. காவோலை விழும், ஆடி ஆவணியில் பனம்பழமும் விழும். மயிர்க்கொட்டி பட்ட இடத்தைத் தேய்க்காமல் ஒட்டும் நாடாவால் மயிரை எடுத்துவிட்டுக் கழுவவேண்டும். பார்த்தீனியத்தைப் பெரியவர்கள் கையுறையோடு, பூக்குமுன் பிடுங்கவேண்டும். இழுப்பு உள்ள பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். அலரி, குன்றிமணி, கார்த்திகைப்பூக் கிழங்கு மூன்றும் நஞ்சு. சோலைக்குள் எதுவும் வாய்க்குள் போகக்கூடாது என்ற ஒரே விதி போதும். மாரியில் வெள்ளம் நின்ற இடத்தில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு, தண்ணீர் வற்றும்வரை வகுப்பு வேண்டாம். சிரட்டையையும் ரின்னையும் கவிழ்த்துவிட்டால் டெங்கு நுளம்பு பெருகாது.

வட்டம் தொடர்ந்து நடக்க

தவணைக்கு ஒரு கூட்டம் போதும், ஒவ்வொரு முறையும் வேறு பாடசாலைச் சோலையில். வட்ஸ்அப் குழுவில் பாட அட்டையும் அளவீடும் மட்டும் போகட்டும். “காலை வணக்கம்” படங்கள் நிறைந்துவிட்டால் அட்டை கண்ணில் படாது. பிள்ளைகளின் முகம் தெரிகிற படத்தைப் போடவேண்டாம்.

ஒவ்வொரு சோலைக்கும் ஒரு சி.ஆர். கொப்பி வையுங்கள். இடப்பக்கம் மரங்களின் இலக்கமும் சுற்றளவும், வலப்பக்கம் எந்த வகுப்பு எப்போது எந்த அட்டையோடு வந்தது என்பதும். மரத்துக்கு ஆணி அடித்து இலக்கம் மாட்டாமல், தளர்வான தும்புக்கயிற்றில் கட்டுங்கள். இடமாற்றப் பட்டியல் வந்த வாரமே, போகிற ஆசிரியர் அந்தக் கொப்பியையும் சாவியையும் அட்டைகளையும் மற்ற இருவரிடம் ஒப்படைத்து, மூன்றாமவராக யாரைச் சேர்ப்பது என்பதையும் சொல்லிவிடவேண்டும். புதியவர் வந்ததும் அட்டையைக் கையில் கொடுத்து விட்டுவிடாமல், முதல் பாடவேளையைப் பழையவர் நடத்தப் புதியவர் பார்க்கட்டும், இரண்டாவதைப் புதியவர் நடத்தப் பழையவர் பார்க்கட்டும்.