ராமேஸ்வரம், தனுஷ்கோடி: பிள்ளைகளோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய தவறு, தனுஷ்கோடியைக் குளிக்கிற கடற்கரை என்று நினைப்பது. மாற்றுத்துணி, காற்றடைத்த வளையம், பந்து என எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, தனுஷ்கோடிச் சாலை முடிகிற அரிச்சல்முனை வரை போய்விடுகிறார்கள். அது பார்க்கிற இடம், இறங்குகிற இடம் இல்லை.

சாலைக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூரில் வடக்கே இருப்பதைப் பெண்கடல், தெற்கே இருப்பதை ஆண்கடல் என்பார்கள். இரண்டும் சேர்கிற முனையில் மணல் சட்டென்று சரிகிறது. கணுக்கால் அளவில் நிற்பவர் இரண்டு எட்டு வைத்தால் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிடும். அதற்குள் காலடி மணலை நீரோட்டம் அரித்து இழுத்திருக்கும். ‘பெண்கடல் சாதுதானே’ என்பதும் எல்லா மாதத்துக்கும் பொருந்தாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும். அக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்று எழும்போது வடக்குப் பக்கம்தான் முரண்டுபிடிக்கும்.

பிள்ளைகள் தண்ணீரில் ஆட வேண்டுமென்றால் பாம்பன் பாலத்துக்கு முன்பே, உச்சிப்புளி பக்கம் உள்ள அரியமானுக்குப் போங்கள். சவுக்குத் தோப்பு நிழல் உண்டு, ஆழமும் மெல்லத்தான் கூடும். ஆனால் கோடை விடுமுறையில் அங்கே அலை படுத்துக் கிடப்பதற்குக் காரணம், காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. அதே காற்று, வளையத்தில் மிதக்கும் குழந்தையைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். வளையம் விளையாட்டுச் சாமான். உயிர் காக்கும் கவசம் அல்ல. பெரியவர் ஒருவர் குழந்தைக்குக் கடல் பக்கமாக, கைக்கெட்டும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும். கரையில் உட்கார்ந்து செல்போனில் படம் எடுப்பது காவல் ஆகாது.

சொறிமீன் (ஜெல்லிமீன்) பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். இரண்டுமே ஒட்டியிருக்கும் கொட்டுநூல்களைக் கிளப்பிவிடும். கடல் நீராலேயே கழுவி, ஒட்டியதை இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வையுங்கள். மூச்சுத் திணறல், வாந்தி இருந்தால் நேரே மருத்துவமனை.

அடுத்தது நேரக் கணக்கு. காலையில் தனுஷ்கோடி, பிறகு கோயில் என்று திட்டம் போட்டால், ராமநாதசுவாமி கோயிலை அடையும்போது மதிய நடை சாத்தியிருக்கும். மாற்றிப் போடுங்கள். விடியற்காலையில் அக்னி தீர்த்தக் கடலில் குளியல், கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள், உலர்ந்த துணி, தரிசனம். ஈரத்துணியோடு சந்நிதிக்குப் போக முடியாது என்பதால் ஆளுக்கு ஒரு செட் உடுப்பு கையில் இருக்கட்டும். செல்போனை அறையிலேயே வைத்துவிடுங்கள். தை, ஆடி அமாவாசையை ஒட்டிப் போகிறவர்கள் அறை கிடைக்கவில்லை என்று நொந்துகொள்வதில் அர்த்தமில்லை.

தனுஷ்கோடிக்கு மூன்றரை மணிக்கு மேல் கிளம்பினால் போதும், சுமார் 20 கிலோமீட்டர்தான். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரில் தேவாலயச் சுவர்கள் நிற்கின்றன, மர நிழல் கிடையாது. உச்சி வெயிலில் குழந்தைகள் சுருண்டுவிடுவார்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, செருப்பு வேண்டும். இருட்டுமுன் திரும்பிவிடுங்கள்.

படத்துக்காகக் காரைத் தாரிலிருந்து மணலில் இறக்குவது இன்னொரு வம்பு. புதைந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சக்கரம் குழி தோண்டி, வண்டியின் அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிடும். எல்லோரும் இறங்கி, சக்கரத்தின் முன் மணலைக் கையால் விலக்கி, டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை குறைத்து, கால்மிதியை இயங்கும் சக்கரங்களுக்கு அடியில் செருகி, மெதுவாக நகர்த்துங்கள். டயரில் மறுபடி காற்று அடிக்கும் வரை வேகம் கூடாது.

மீன் ஆசையோடு மே மாதம் போகிறவர்களுக்கு ஒன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகுகள் போகாது. அப்போது நாட்டுப்படகு மீன்தான் புதிது. செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருந்தால், விலை பேசிய பிறகே பொரிக்கச் சொல்லுங்கள்.