ஸ்கேனில் தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா? – தவிர்க்க வேண்டிய தவறுகள்

அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று ஸ்கேனைத் தள்ளிப் போட்டது. மூன்றாம் மாதம் எடுக்க வேண்டிய என்டி ஸ்கேன். திருவிழா முடிந்து, வந்த சொந்தமெல்லாம் ஊர் திரும்பி, அவர்கள் எங்கள் சென்டருக்கு வந்தபோது பதினைந்தாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தது. "ரெண்டு வாரந்தானண்ணே பிந்திருச்சு, பாத்துச் சொல்லுங்க" என்றார் மாமியார். அந்த ஸ்கேனில் பார்த்துச் சொல்ல இனி எதுவும் இல்லை என்பதை அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது.

பிறவிக் குறைபாடு இருக்குமா என்பதற்குத் துப்பாக, கருவின் பின்கழுத்துத் தோலுக்கு அடியில் சேரும் நீரை அளப்பதுதான் என்டி ஸ்கேன். 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாள் வரை, அதாவது குழந்தை தலை முதல் பிட்டம் வரை 45 முதல் 84 மில்லிமீட்டர் இருக்கும்போதுதான் அந்த அளவுக்கு அர்த்தம் உண்டு. அதற்குப் பிறகு, கூடுதலாக இருந்த நீர்கூட வடிந்து போகலாம். அப்போது படத்தைப் பார்த்து நார்மல் என்றால் அது பொய் நார்மல்.

மதுரையில் ஸ்கேன் சென்டர்களில் டெக்னீஷியனாக இருக்கிறேன். படம் எடுப்பதுதான் என் வேலை, படித்துச் சொல்வது டாக்டர். ஆனால் இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை, மெஷினில் நடக்கும் தவறைவிட மெஷினுக்கு முன்னும் பின்னும் நடக்கும் தவறுதான் அதிகம். ஸ்கேன் என்பது கேட்ட கேள்விக்கு, கேட்ட நேரத்தில் மட்டும் பதில் சொல்லும் சாமான்.

அஞ்சாம் மாச ஸ்கேன் என்று நாம் சொல்லும், குழந்தையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேனும் அப்படித்தான். மாதக் கணக்கு வேண்டாம், வாரக் கணக்கு வையுங்கள். 18 முதல் 20 வாரத்துக்குள் முடிப்பது நல்லது. காரணம் சட்டத்திலும் இருக்கிறது. 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, சட்டம் சொல்லும் பிரிவினருக்கு மட்டும், இரண்டு டாக்டர்கள் வேண்டும். 24ஐத் தாண்டினால் பெரிய குறைபாடு என்று மருத்துவக் குழு சொன்னால்தான் வழி. வளைகாப்பு முடியட்டும் என்று காத்திருந்து வருபவர்களுக்கு யோசிக்கவே நாள் மிஞ்சுவதில்லை.

கவுன்டரில் "சொந்தத்துல கட்டுனதா?" என்று கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டுவது நம் பக்கம் சாதாரணம், அதனால் சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றுவதில்லை. சொல்லுங்கள். முதல் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை இருந்தது, தாய்க்குக் கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருந்தது, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் சொல்லுங்கள். அப்போதுதான் குழந்தையின் இதயத்தை மட்டும் தனியாகப் பார்க்கும் எக்கோவை டாக்டர் எழுதுவார். வழக்கமான ஸ்கேனில் எல்லா ஓட்டையும் தெரியாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பலருக்கு அனாமலி ஸ்கேன் சுத்தமாகவே இருக்கும். ரிப்போர்ட்டின் அடியில் சின்ன எழுத்தில் இதெல்லாம் அச்சாகித்தான் வருகிறது, படிப்பவர்தான் இல்லை. (பையனா பொண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். அதைச் சொல்லத் தடை போடும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் சுவரில் போர்டாகவே தொங்குகிறது.)

பிறந்த பிறகும் ஒரு நேரக் கணக்கு உண்டு. வயிற்றில் இருக்கும்போது சிறுநீரகம் வீங்கித் தெரிந்த குழந்தையைப் பிறந்த அன்றே ஸ்கேன் எடுத்து, "சரியாப் போச்சு" என்று ஃபைலை மூடிவிடுகிறார்கள். முதல் இரண்டு நாள் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகத்தான் ஊறும், வீக்கம் ஒளிந்துகொள்ளும். அவசரம் என்று டாக்டர் சொன்னால் தவிர, அந்த நாட்கள் கழித்து எடுப்பதுதான் கணக்கில் சேரும்.

அடுத்தது ஒரு சொல்லால் வரும் சங்கடம். தமிழில் எல்லாமே கட்டிதான். சீழ் பிடித்தாலும் கட்டி, நீர் கோத்தாலும் கட்டி, புற்றுநோயும் கட்டி. கருவின் மூளையில் சின்ன நீர்க்கட்டி என்று ரிப்போர்ட்டில் இருந்தால், அது மட்டும் தனியாக இருக்கும்போது பெரும்பாலும் சில வாரங்களில் தானே மறையும். ஆனால் "மூளையில கட்டியாம்" என்று செய்தி உசிலம்பட்டி வரை போய்விடும். பெரியவர்களுக்கும் இதே கதை. தலையில் வளையமாகத் தெரிவது காசநோய்க் கட்டியாக இருக்கலாம், நாடாப்புழுவின் முட்டை உள்ளே போனதால் வந்ததாக இருக்கலாம். கல்லீரலில் தெரிவது பிறவியிலிருந்தே இருக்கும் ரத்தக்குழாய் முடிச்சாக இருக்கலாம். அடிவயிற்றில் கைக்குத் தட்டுப்படுவது, மேலே ஏறாமல் இடுப்பிலேயே தங்கிவிட்ட சிறுநீரகமாகக்கூட இருக்கும்.

குழந்தையின் கழுத்து நடுவில் உருண்டை தெரிந்தால் "சின்னது தானே, எடுத்துடுங்க" என்று நிற்பார்கள். ஸ்கேனில் முதலில் பார்க்க வேண்டியது, தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா என்று. சில குழந்தைகளுக்கு அந்த உருண்டைதான் இருக்கிற ஒரே தைராய்டு. எடுத்துவிட்டால் ஆயுளுக்கும் மாத்திரை.

இதைவிட என்னைப் பதற வைப்பது உரம் எடுப்பது. பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறது, வயிறு கல் மாதிரி இருக்கிறது என்றதும் அப்பத்தா எண்ணெய் தடவி நீவி உரம் எடுப்பார், அது கேட்காவிட்டால் தொக்கம் எடுக்க யாரிடமாவது தூக்கிக்கொண்டு ஓடுவார். மூன்று நான்கு வயதில் சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி பெரும்பாலும் வலியே இல்லாமல், குளிப்பாட்டும்போது கையில் தட்டுப்படும். அதை அழுத்தி உடைத்துவிட்டால் நோய் வயிறெங்கும் பரவலாம், சிகிச்சையும் கடுமையாகும். அதனால் டாக்டர்களே வயிற்றைத் திரும்பத் திரும்ப அமுக்க மாட்டார்கள். கைக்குக் கட்டி தெரிந்தால் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு வண்டி ஏறுங்கள். முதலில் தேவைப்படுவது சாதாரண அல்ட்ராசவுண்ட் தான். அதில் கதிர்வீச்சு கிடையாது.

குழந்தைகளுக்கு "பெரிய ஸ்கேனா எடுத்துடுங்க" என்று கேட்பதும் தவறு. போட்டோவில் கண்மணி வெள்ளையாக மின்னினால் விழித்திரைப் புற்றுநோயா என்று உடனே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது. அந்த நோயில் பரம்பரை வகை உள்ள குழந்தைகளின் உடம்பு கதிர்வீச்சைத் தாங்காது, பிற்காலத்தில் வேறு புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடும். அதனால்தான் கதிர்வீச்சு உள்ள சிடி ஸ்கேனைத் தவிர்த்து, அது இல்லாத எம்ஆர்ஐ எழுதுகிறார்கள். சத்தமும் நேரமும் அதிகம், சின்னப் பிள்ளைக்கு மயக்கமும் தேவைப்படும். ஆனாலும் அதுதான் சரி.

பெரியவர்களிடம் வாரம் தவறாமல் கேட்பது: "மருந்து ஊசி வேண்டாம், கிட்னி போயிடும்." படத்தில் ரத்த ஓட்டம் தெரிவதற்காகப் போடும் ஊசி அது. கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறோம். ஊசி இல்லாமல் எடுத்த சிடியில், நான் மேலே சொன்ன ரத்தக்குழாய் முடிச்சையும் கல்லீரல் புற்றுநோயையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். முன்னது ஓரத்திலிருந்து மெல்ல நிறையும். பின்னது பெரும்பாலும் சட்டென்று பிரகாசமாகி, சீக்கிரம் மங்கும். அந்த ஓட்டத்தைப் பார்க்கத்தான் ஊசியே. முன்பு ஒவ்வாமை வந்திருந்தால் அதை மட்டும் மறைக்காதீர்கள்.

மார்பகத்தை எடுக்கும் மேமோகிராம் படத்தின் ரிப்போர்ட்டில், முடிவைச் சொல்லும் எண்ணான பைராட்ஸ் 0 என்று பார்த்துவிட்டு ஒரு அக்கா கோயிலுக்கு நெய்விளக்கு போடப் போய்விட்டார். பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்று நினைத்தது அவர் தப்பில்லை, யாரும் சொல்லவில்லை. 0 என்றால் படம் போதவில்லை, இன்னும் எடுக்க வேண்டும். ஒன்றுமில்லை என்பதற்கு எண் 1.

ஊசியில் போடும் கதிரியக்கச் சர்க்கரையை உடம்பில் எந்த இடம் அதிகம் இழுக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனுக்கு ஆறு மணி நேரம் வெறும் தண்ணீர், முந்தின நாள் கடும் வேலையோ நடையோ கூடாது. பழமுதிர்சோலை ஏறிவிட்டு வந்தால் தொடைச் சதையெல்லாம் ஒளிரும். ஒளிர்வதெல்லாம் புற்றுநோயும் இல்லை. காசநோயும் அதே மாதிரி ஒளிரும், சதைத்துண்டு எடுத்துப் பார்க்காமல் முடிவுக்கு வர முடியாது.

கடைசியாகப் பழைய படங்கள். கட்டி வளர்ந்திருக்கிறதா என்பதற்குப் பதில் இன்றைய படத்தில் கிடையாது, போன வருடப் படத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். பீரோ மேல் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கும் ஃபிலிம், வாட்ஸ்அப்பில் ஜன்னலில் பிடித்து எடுத்த போட்டோ இரண்டையும் வைத்துக்கொண்டு டாக்டர் அளக்க முடியாது. எடுத்த அன்றே டிஸ்க்கில் போட்டுத் தரச் சொல்லுங்கள், உறையின் மேல் தேதியை மார்க்கரில் எழுதுங்கள், துணிக்கடைப் பையில் தட்டையாக வையுங்கள். டாக்டர் எழுதிய சீட்டையும் அதே பையில் போடுங்கள். "வயிறு ஸ்கேன்" என்று மட்டும் அதில் இருந்தால், எதற்காக என்று இன்னும் ஒரு வரி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.