பாலிஷுக்கும் சீலன்ட்டுக்கும் நடுவில் ஒரு துடைப்பு

பாலிஷ் போட்டு முடித்த கறுப்பு வண்டியைப் பார்த்தால், சூட்டோடு சூடாக, பெயின்ட்டைப் பாதுகாக்கும் பூச்சான சீலன்ட்டையும் தடவிவிடத்தான் கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. பெங்களூரு அல்சூரில் எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில், பத்து வயசு ஸ்விஃப்டுக்கு ஒரு ஞாயிறு முழுக்க பாலிஷ் மெஷின் பிடித்தேன். பானெட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்கிற அளவுக்குப் பளபளப்பு. அதன் மேலேயே சீலன்ட்டைத் தடவிவிட்டு, அடுத்த வாரம் குடும்பத்தோடு சேலம் போய் வந்தேன். மூன்றாவது வாரம் வெயிலில் நிறுத்திப் பார்க்கிறேன், பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி பழைய கீறல்கள். மழை பெய்தால் ஒரு பக்கம் தண்ணீர் முத்து முத்தாக உருளுது, நாலு விரல் தள்ளி சப்பென்று படுத்துக் கிடக்குது.

சிவாஜிநகரில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் திருவண்ணாமலைக்கார மேஸ்திரி ஒருவரிடம் காட்டினேன். விரலால் ஒரு தடவு தடவிவிட்டுக் கேட்டார்: “எண்ணெய் வழியிற நெத்தியில ஸ்டிக்கர் பொட்டு நிக்குமா சார்?”

விஷயம் அவ்வளவுதான். பாலிஷில் பெயின்ட்டைத் தேய்க்கும் பொடி மட்டும் இல்லை, மெஷினில் மாட்டும் பேட் வழுக்கி ஓடுவதற்கான எண்ணெயும் இருக்கிறது. அந்த எண்ணெய் நுண்ணிய கீறல்களுக்குள் போய் உட்கார்ந்து, போகாத கீறலையும் போனதாகக் காட்டும். சீலன்ட் பிடிக்க வேண்டியது பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட்டை; நடுவில் எண்ணெய் இருந்தால் அது எண்ணெயைத்தான் பிடிக்கும். எண்ணெய் போகும்போது சீலன்ட்டும் கூடவே போய்விடும்.

அந்த எண்ணெயைத் துடைத்தெடுக்கத் தேவையான சாமான் கொஞ்சம்தான். எஸ்.பி. ரோட்டில் சர்க்யூட் போர்டு துடைக்க விற்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால், 99 சதவீதம் என்று போட்டிருப்பது. கூடவே பேட்டரி தண்ணி, அதாவது ஆசிட் இல்லாத டிஸ்டில்டு வாட்டர். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். எங்கள் போர்வெல் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியிலேயே வெள்ளை வட்டம் நிற்கும். 150 மில்லி ஆல்கஹாலுக்கு 850 மில்லி பேட்டரி தண்ணி கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். போகாத பிசுக்குக்குக் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் கால் பங்குக்கு மேல் நான் போனதில்லை. ரொம்ப வீரியமாக இருந்தால் கிளியர் கோட் இளகவும் செய்யும், துடைப்பதற்குள் ஆவியாகிப் போகவும் செய்யும். வீட்டில் மிச்சம் இருக்கிற சானிடைசரை எடுக்காதீர்கள், அதில் கிளிசரின் இருக்கும். தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். சீலன்ட் கம்பெனியே இதற்கென்று ‘பேனல் வைப்’ (panel wipe) என்ற துடைப்புத் திரவத்தை விற்றால் அதை வாங்குவது இன்னும் நிம்மதி.

மைக்ரோஃபைபர் துணி பத்துப் பன்னிரண்டு வேண்டும், குட்டை நூல் உள்ளது. துவைக்கும்போது வாசனை கண்டிஷனர் ஊற்றியிருந்தால் அந்தத் துணி இதற்கு ஆகாது. அது ஒரு படலத்தைக் கொண்டுவந்து ஒட்டும். என் மனைவி ஒருமுறை பாசத்தோடு ஊற்றிவிட்டாள். அத்தனையும் இப்போது சமையல்கட்டில் இருக்கிறது.

முதலில் ஒரு கழுவல். பாலிஷ் தூசி கதவு இடுக்கில், நம்பர் பிளேட் ஓரத்தில், பேட்ஜ் எழுத்துகளுக்குள் ஒளிந்திருக்கும். சும்மா விட்டால் பிறகு துணியில் ஏறி, கஷ்டப்பட்டு எடுத்த கீறலைத் திரும்பப் போட்டுவிடும். மெழுகு கலக்காத ஷாம்பூவாக இருக்க வேண்டும். ‘வாஷ் அண்ட் வாக்ஸ்’ என்று எழுதியிருந்தால் அதைத் தள்ளி வையுங்கள். கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளையாகக் காய்ந்த பாலிஷைப் பழைய டூத் பிரஷ் எடுத்துவிடும். கழுவி, இடுக்குகளில் தண்ணீர் தங்காமல் காய வையுங்கள்.

அப்புறம்தான் துடைப்பு. பானெட் கையில் சில்லென்று இருக்க வேண்டும். அதனால் நான் காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடுவேன். புங்கை மரத்தடியில் செய்ய ஆசையாக இருக்கும், வேண்டாம். பூ கொட்டும் காலத்தில் அரை மணி நேரத்தில் வண்டி மேல் பாய் விரித்துவிடும். பேஸ்மென்ட் என்றால் காற்றோட்டம் பாருங்கள், பக்கத்தில் யாரும் சிகரெட் பற்ற வைக்கக் கூடாது, கையில் கிளவுஸ் இருக்கட்டும்.

பானெட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டு பாதிக்கு மட்டும் ஸ்ப்ரே. நாலைந்து நொடி விட்டு, ஈரத் துணியால் நேர்கோட்டில் இழுங்கள், அழுத்தம் வேண்டாம். உடனே காய்ந்த துணியால் இன்னொரு இழுப்பு. துணியை நாலாக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒவ்வொரு முகமும் ஒரு தரம்தான். துணி வழுக்காமல் லேசாகப் பிடித்துப் பிடித்துப் போகிறதா? எண்ணெய் போகிறது என்று அர்த்தம். இன்னும் வழுக்கினால் மறுபடி ஒரு தரம். அவசரப்பட வேண்டிய இடம் இது இல்லை.

முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். வயிற்றைக் கலக்கும் கட்டம் இதுதான். எண்ணெய் மறைத்து வைத்திருந்த கீறல் எல்லாம் எழுந்து நிற்கும். என் வண்டியில் இடது பின் கதவு அப்படியே பல்லைக் காட்டியது. அந்தக் கதவுக்கு மட்டும் மறுபடி மெஷின், மறுபடி துடைப்பு. சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் இப்போது விட்டால் கீறலுக்கு மேலேயே சீல் வைத்த கணக்கு.

இரண்டு விதிவிலக்கு. பாலிஷும் பாதுகாப்புப் பூச்சும் ஒரே டப்பாவில் வருகிற ‘ஆல் இன் ஒன்’ போட்டிருந்தால் துடைக்காதீர்கள், போட்டதையே எடுத்துவிடுவீர்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த பம்பர் இருந்தால், அடித்தவரிடம் கேட்காமல் ஆல்கஹாலும் வேண்டாம், சீலன்ட்டும் வேண்டாம். பெயின்ட்டிலிருந்து கரைப்பான் முழுக்க வெளியேற வாரக்கணக்கில் ஆகும்.

துடைத்த பேனலை அதன்பிறகு கையால் தொடாதீர்கள், விரலிலும் எண்ணெய்தான். டீ குடிக்கப் போகாமல் அந்த மணி நேரத்திலேயே சீலன்ட்டைத் தடவுங்கள், ரொம்ப மெல்லிசாக. அப்புறம் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை, பெரும்பாலும் ஒரு ராத்திரி, தண்ணீர் படக் கூடாது. எங்கள் அபார்ட்மென்ட்டில் விடியற்காலை அஞ்சு மணிக்கு ஒரே வாளி, ஒரே துணியோடு எல்லா வண்டியையும் துடைக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். முந்தின ராத்திரியே அவருக்குப் போன் போட்டு, “அண்ணா, நாளைக்கு நம்ம வண்டியை மட்டும் விட்டுடுங்க” என்று சொல்லி வைத்தேன். போதாது என்று கண்ணாடியில் ஒரு சீட்டும். காலையில் போய்ப் பார்த்தால் சீட்டு அப்படியே இருந்தது, கண்ணாடியை மட்டும் துடைத்திருந்தார்.