தண்ணீர் பளிச்சென்று இருந்தும் தங்கமீன் ஏன் சாகிறது?

நேற்று ராத்திரி வரைக்கும் நன்றாகத்தான் நீந்திக்கொண்டிருந்தது, காலையில் பார்த்தால் மிதக்கிறது. சென்னை கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளில் கொஞ்ச நேரம் நின்றால் யாராவது இதைச் சொல்வது காதில் விழும், கூடவே "தண்ணீரைக்கூட ஞாயிற்றுக்கிழமைதான் சுத்தமாக மாற்றினேன்" என்பதும். பெரும்பாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் விஷயமே இருக்கிறது.

என் முதல் இரண்டு தங்கமீன்களும் (ஒரண்டா என்ற வகை) அப்படித்தான் போயின. தொட்டியை மொத்தமாகக் காலி செய்து, கல்லை அலசி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்பினேன். புதன்கிழமை காலையில் ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது, வால் துடுப்பில் நூல் மாதிரி சிவப்புக் கோடுகள். வியாழக்கிழமை இரண்டும் இல்லை.

நடந்தது இதுதான். மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டிருக்கும், மிச்சத் தீனியும் கழிவும் அழுகி அதை இன்னும் கூட்டும். அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா, ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. அழுக்கு என்று நாம் பிழிந்து ஊற்றுவது அதைத்தான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மிச்சமும் செத்துப்போகும். அது திரும்ப முழுதாக வளர 4 முதல் 6 வாரம் ஆகலாம், அதுவரை தொட்டியில் நிறமே இல்லாத விஷம் ஏறிக்கொண்டிருக்கும். புதுத் தொட்டி வாங்கிய முதல் மாதத்தில் மீன்கள் சாவதற்கும் இதுவே காரணம்.

அதனால் தொட்டியை ஒருபோதும் மொத்தமாகக் கழுவாதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை அடியில் இருக்கும் கழிவோடு சேர்த்து டியூப் வைத்து 25 முதல் 30 சதவீதத் தண்ணீரை வாளியில் இறக்குங்கள், அந்த வாளித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு பிழி பிழிந்து திரும்ப மாட்டுங்கள், போதும். ஸ்பாஞ்ச் பழுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். ஊற்றுவது குழாயில் வரும் மெட்ரோ தண்ணீராக இருந்தால், குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் மருந்தைப் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்துவிடுங்கள்.

போர் தண்ணீர் வேறு கதை. குளோரின் இருக்காது, ஆனால் பல இடங்களில் பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 8-ஐத் தாண்டும். பி.எச். 7-இல் இருந்து 8-க்குப் போனால் அதே அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகிறது, சூடு கூடக்கூட அது இன்னும் ஏறும். தங்கமீன் குளிர்ந்த தண்ணீர் மீன், 18 முதல் 23 டிகிரிதான் அதற்குச் சுகம், நம் ஊர் மே மாதத்தில் தொட்டி 32-ஐத் தொடும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறைவு. அதனால் வெயில் காலத்தில் ஏர் பம்ப்பை ராத்திரியில் நிறுத்தவே கூடாது, தீனியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். மின்வெட்டு உள்ள ஊரில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள்.

யாரும் சந்தேகப்படாத இன்னொரு காரணம் கொசு மருந்து. அந்தச் சுருளிலும் லிக்விடிலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கடும் விஷம், ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. தொட்டி இருக்கும் அறையில் அதை ஏற்றாதீர்கள், ஸ்ப்ரே அடிக்கவே அடிக்காதீர்கள். சோப்புக் கையைத் தொட்டிக்குள் விடுவதும் வேண்டாம்.

தொட்டி அளவு பற்றி ஒரே ஒரு வார்த்தை: உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் வேண்டவே வேண்டாம். இரண்டு மீனுக்கு 100 லிட்டராவது இருக்கட்டும். புது மீனை இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

சொட்டு மருந்து மாதிரி இருக்கும் அம்மோனியா, நைட்ரைட் டெஸ்ட் கிட் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும், நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே.

சரி, இன்று காலையில் ஒன்று செத்துவிட்டது, மற்றவை தொட்டியில் இருக்கின்றன என்றால்? செத்ததை உடனே எடுங்கள். கலர் கலரான மருந்துகளை ஊற்றும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். குளோரின் நீக்கிய, அதே சூட்டில் இருக்கும் தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள், நைட்ரைட் காட்டினால் லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். இரண்டு நாளைக்குத் தீனி வேண்டாம், பட்டினியில் தங்கமீன் சாகாது. மறுநாள் காலையில் திரும்பச் சோதித்து, அம்மோனியா இன்னும் இருந்தால் திரும்ப மூன்றில் ஒரு பங்கு. ஸ்பாஞ்சை மட்டும் தொடாதீர்கள்.