டிராஃப்ட்டின் கடைசிப் பகுதியில் யாரை எடுப்பது?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில், அணிகள் புது வீரர்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். அதில் 30ஆவது இடம் தாண்டிவிட்டால், கல்லூரி வீரர்களை எடைபோடும் முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். உயரம், துள்ளல், 19 வயது என்று எல்லாம் பொருந்திய பையன்கள் பெரும்பாலும் அதற்குள் போயிருப்பார்கள். மீதி இருப்பவர்களில் நான் முதலில் பார்ப்பது ஃப்ரீ த்ரோ சதவீதம், அதாவது எதிரணி தவறு செய்ததும் கிடைக்கும் இலவச வீச்சில் எத்தனை உள்ளே போகிறது என்பது. ஒரு கல்லூரி சீசன் சுமார் 35 ஆட்டம்தான். அதில் தூரத்திலிருந்து வீசும் மூன்று புள்ளி வீச்சின் சதவீதம் ஒரு நல்ல மாதத்தாலேயே ஏறித் தெரியும். போதாததற்கு, அந்த வீச்சுக்கான கோடு என்.பி.ஏ.வில் இன்னும் தள்ளி இருக்கிறது. தடுப்பவர் யாரும் இல்லாமல் வீசும் ஃப்ரீ த்ரோவில்தான் கையின் உண்மையான தரம் தெரியும்.

அப்புறம், 'வயது அதிகம்' என்று ஒதுக்காதீர்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மால்கம் ப்ராக்டன் 23 வயதில், 2016இல் 36ஆவதாகப் போனார். அடுத்த ஆண்டே சிறந்த புதுமுக வீரர் விருது வாங்கினார். வில்லனோவா பல்கலைக்கழகத்துக்காக இரண்டு முறை கல்லூரி சாம்பியன் பட்டம் வென்ற ஜேலன் பிரன்சனோ 2018இல் 33ஆவது. இருவருக்கும் பந்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியும். அசிஸ்ட்டையும் (கூடை விழ வழிசெய்த பாஸ்) டர்ன்ஓவரையும் (பந்தை எதிரணியிடம் இழப்பது) பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அது புரியும். இரண்டு பேருக்கு நடுவே குழப்பம் வந்தால், நான் தயங்காமல் இப்படிப்பட்டவர் பக்கம்தான் நிற்பேன்.